ஒன்பது சதவீதம்

கல்லுக்கட்டியில் ஜெராக்ஸ் கடை மாடி, இரவு பதினொன்றரை.
அங்கே பகல் ஒரு மணி.
கெடு முடியப் பதினோரு மணி நேரம் இருக்கிறது.

எக்ஸெல் தாளில் ஏழு வரிசை, ஏழு பல்கலைக்கழகம்.
பொதுக்கொள்கையில் முதுகலை.
எட்டாதது சிவப்பு, எட்டினால் எட்டும் மஞ்சள்,
கைக்குள் இருப்பது பச்சை.
பச்சையில் இதுவரை ஒரு பெயரும் இல்லை.

மதிப்பெண் பத்துக்கு ஏழரை
(சனியும் ஏழரைதான்).
நாலுக்கு எவ்வளவு என்று கேட்டால்
மூன்று கணக்கு மூன்று விதமாகச் சொல்கிறது.
எங்கள் ஆட்களில் கல்யாணமாகிக் குடும்பமானால்
கோயில் கணக்கில் ஒரு புள்ளி.
இருபத்தெட்டு வயதில் நான்
அங்கேயும் புள்ளி இல்லை,
இங்கே தசமத்துக்குப் பின்னால் தொங்குகிறேன்.

வங்கி மேலாளர் வீட்டுப் பத்திரம் கேட்டார்.
வீடு இருக்கிறது, இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிற வீடு.
பங்காளிகள் முப்பத்தொரு பேர்.
அப்பா பங்குக்கு ஓர் அறை, ஒரு சாவி.
அறையை மட்டும் ஈடு வைக்க முடியுமா என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பழைய பி.டி.ஓ.
சிவகங்கைக்கு மாறிப் போனவர்.
"நீயே எழுதிட்டு வா உமையாள், நான் போட்டுத் தர்றேன்."
எழுதினேன்:
நான் பார்த்த ஊழியர்களில் இவர் முதல் ஐந்து சதவீதம்.
ஒன்றிய அலுவலகத்தில் நாங்கள் ஏழு பேர்.
ஏழில் ஐந்து சதவீதம் என்றால்
ஏறக்குறைய மூன்றில் ஒரு ஆள்.
கை இருக்கும் பகுதியாக இருக்கட்டும்.
கட்டுரை எழுத வேண்டுமே.

நீங்கள் நேரில் கண்ட ஒரு கொள்கைச் சிக்கலை
ஐந்நூறு சொல்லில் விவரிக்கவும்.

கல்லல் பக்கம் மூன்று ரேஷன் கடை.
நானூற்றுப் பன்னிரண்டு அட்டை.
கைரேகைக் கருவி முதல் தடவையில் ஏற்காதது முப்பத்தேழு.
கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம்.
அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"தொண்ணூற்றொன்று பாஸ், அப்புறம் என்னம்மா?
ஒன்பதெல்லாம் ஒரு நம்பரா?"

முதல் வரிசைக்கு வருகிறேன்.
வெளிநாட்டு மாணவர், நிதியுதவி கேட்பவர்,
அனுபவம் மூன்று வருடம்:
கூட்டிக் கழித்து என் வாய்ப்பு
ஒன்பது சதவீதம்.
சிவப்பு அடித்திருக்கிறேன்.

ஒன்பதெல்லாம் ஒரு நம்பரா?

முப்பத்தேழு பேரில் ஒருவர் வெள்ளைக்கண்ணு.
நாற்பத்தொரு வயது, கொத்து வேலை.
சிமெண்ட் தின்ற விரலில் வரி ஒன்றும் மிச்சமில்லை.
திங்கள் வந்தார், சிவப்பு விளக்கு.
புதன் வந்தார், சிவப்பு.
வெள்ளிக்கிழமை சர்வர் இல்லை.
சனிக்கிழமை விரலை வேட்டியில் துடைத்து,
ஊதி, மறுபடி துடைத்து அழுத்தினார். பச்சை.
மாதக் கடைசியில் கணினியில்
அவர் வெற்றி என்று பதிவானார்.
போன மூன்று நாள் கூலிக்கு
நிரல் இல்லை. நானும் போடவில்லை,
அன்று எனக்குத் தோன்றவில்லை.

இதைக் கட்டுரையில் எழுதிவிட்டேன்,
தோன்றவில்லை என்பதையும் சேர்த்து.
ஐந்நூற்று நாற்பது சொல்.
நாற்பதை வெட்ட வேண்டும்.
பி.டி.ஓ. வை வெட்டினேன். சர்வரை வெட்டினேன்.
ஊதினார் என்பதை வெட்டப் போய்
வைத்துக்கொண்டேன்.

முந்தின வருடம் மூன்று பல்கலை, போன வருடம் ஐந்து.
எட்டுக் கடிதமும் வருந்துகிறோம் என்றே தொடங்கின.
எட்டுக்கும் நான் தோல்வி என்றே பதிவானேன்.
ஓ.டி.பி. வருவதற்குள்
விண்ணப்பப் பக்கம் தானாக வெளியேறிவிட்டது.
கீழே கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்துகிறார்.

மறுபடி உள்நுழைகிறேன்.
வியர்வையில் எலி வழுக்குகிறது.
விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்கிறேன்.